நஜீபுக்குக் கூட்டிய முந்நூறு கலோரி

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் மருத்துவமனை உணவியல் துறையின் வாட்சாப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. போன மாதம் அதில் ஓர் இளம் டயட்டீஷியன் கேட்டிருந்தார்: "அக்கா, எடை ஏறணும், கொழுப்பு ஏறக்கூடாதுன்னு வர்றவங்களுக்கு இப்பெல்லாம் ஆப்பே கணக்குப் போட்டுக் குடுத்துடுது. நீங்க இருந்தப்ப எவ்வளவு சர்ப்ளஸ் வைப்பீங்க?"

"முந்நூறு" என்று பதில் போட்டுவிட்டுக் கைபேசியை வைத்துவிட்டேன்.

சர்ப்ளஸ் என்பது பெரிய விஷயமில்லை. உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது. அந்தக் கூடுதல் அளவாக இருந்தால் தசையாகும், அளவு மீறினால் கொழுப்பாகும். முந்நூறு கலோரி என்பதும் தவறான பதில் இல்லை. ஆனால் சமைத்துக்கொண்டே யோசித்தபோது ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு அந்த முந்நூறைக் கொடுப்பதற்கு முன்னால் எதையும் கூட்டாமல் நாங்கள் பல வாரம் காத்திருந்தோம். அந்த வாரங்களில் எனக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதைக் குழுவில் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை ஒளித்து வைத்துக்கொண்டு கதை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

நான் கோலாலம்பூரின் செந்தூலில் வளர்ந்தவள். பல்கலைக்கழகப் படிப்பு, பயிற்சிக் காலம் எல்லாம் சேர்த்து இப்போது எனக்கு நினைவிருப்பது மருத்துவமனைச் சமையலறையின் நீராவிதான். முதல் வேலை பக்கத்து ஊரான கிள்ளான் மருத்துவமனையில் கிடைத்தது. அங்கேதான் துறைத் தலைவர் புவான் நோரிசாவிடம் சேர்ந்தேன். புவான் என்றால் மலாயில் திருமதி.

அவர் குள்ளமானவர், குரலும் சன்னம். நோயாளியிடம் "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்க எங்களை விடமாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்வார்கள் என்பார். "நேற்று எழுந்ததும் முதலில் வாய்க்குள் போனது என்ன?" என்று தொடங்க வேண்டும். அங்கிருந்து ஒவ்வொன்றாகப் படுக்கப் போகும்வரை வர வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, மறந்துபோனதைக் கேட்பதுபோல, "இதற்கு நடுவில்?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். பாதிச் சாப்பாடு அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வெளியே வரும்.

அவர் மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. சாப்பாட்டுக் கடைகளில் புழங்கும் கிளாஸ்கள், மங்குக் கிண்ணங்கள், நான்கு விதமான சோற்றுக் கரண்டிகள் அதில் கிடக்கும். நோயாளி "ரெண்டு கரண்டி சோறு" என்றால் எந்தக் கரண்டி என்று எடுத்துக் காட்டச் சொல்வார். நாங்கள் கணக்கைத் தப்பாகப் போட்டால் நோயாளி முன்னால் ஒரு வார்த்தை பேச மாட்டார். கால்குலேட்டரை ஒரு விரலால் எங்கள் பக்கம் நகர்த்துவார். இன்னொரு முறை போடு என்று அர்த்தம்.

ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். காசநோயிலிருந்து எழுந்தவர், செம்பனைத் தோட்டத்தில் வேலை. வீட்டில் இனிப்புப் பாலும் பிஸ்கட்டுமாகக் கொடுத்து எடையை ஏற்றிவிட்டார்கள். தராசைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். புவான் நோரிசா அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அவரால் முடியவில்லை. பிறகு நாடாவை எடுத்துப் புஜத்தையும் இடுப்பையும் அளந்தார். புஜம் பழைய அளவிலேயே இருந்தது. ஏறியதெல்லாம் வயிற்றில்.

"தராசு எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது" என்றார் என்னிடம் மலாயில். அவர் பாடம் நடத்தியதாக எனக்கு நினைவில் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போனபோது, அங்கேயும் அவர்தான் துறைத் தலைவர். நஜீப் எங்களிடம் வந்தது அப்போதுதான்.

நஜீபுக்கு முப்பதைத் தாண்டிய வயது. கிள்ளானில் வீடு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மனைவியின் அண்ணன் ஹாஜா நடத்திய உணவகத்தில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுவது வேலை. நல்ல உயரம், நாற்பத்தெட்டுக் கிலோ. அவருடைய ஒரே மகள் ஹனாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. பிறவியிலேயே பித்தக் குழாய் அடைப்பு. முதல் அறுவை கைகொடுக்காமல் ஈரல் கெட்டுக்கொண்டே வந்தது. கண், தோல் எல்லாம் மஞ்சள். பசியே கிடையாது, மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால். இனி மாற்று ஈரல்தான் வழி என்றாகிவிட்டது. தாய் ஷமீமாவின் ரத்தம் சேரவில்லை, தகப்பனுடையது சேர்ந்தது.

ஆனால் தகப்பன் ரொம்ப மெலிந்திருந்தார். ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு எழுந்து நடமாட உடம்பில் ஏதாவது கையிருப்பு வேண்டும். ஒரு நாலைந்து கிலோ ஏறிவிட்டு வாருங்கள் என்று அறுவை மருத்துவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அந்தச் செய்தி ஹாஜாவின் கடைக்குப் போனது. மறுநாளிலிருந்து கடையே நஜீபுக்கு ஊட்ட ஆரம்பித்தது. ஹாஜா காலையில் நெய் ரொட்டி வைத்தார். டீ போடுகிறவர் மணிக்கொரு கிளாஸ் தே தாரிக், அதாவது இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய டீ, நீட்டினார். வாடிக்கையாளர்கள்கூடத் தங்கள் தட்டிலிருந்து பொரித்த கோழியை எடுத்து அவர் தட்டில் வைத்தார்கள். ஷமீமா ராத்திரிக்குப் பேரீச்சம்பழமும் பாலும் அடித்து வைத்தார். யாரோ ஜிம்முக்குப் போகும் பையன் பெரிய டப்பாவில் எடை ஏற்றும் மாவு வாங்கிக் கொடுத்தான். மூன்று வாரத்தில் நாலு கிலோ ஏறிவிட்டது. கடையில் எல்லாருக்கும் பிரியாணி போட்டார்களாம்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது.

கொழுப்புப் படிந்த ஈரலை வெட்டிக் குழந்தைக்கு வைக்க முடியாது, கொடுத்தவருக்கும் ஆபத்து. மருத்துவர் அதை மென்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். இது கரையக்கூடியது, ஆனால் குழந்தையின் நிலையைப் பார்த்தால் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்றிருக்கிறார். ஈரலில் கொழுப்புக் கரைய வேண்டும், அதே சமயம் உடம்பு தேற வேண்டும். அவர் எங்களுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தோடுதான் நஜீபும் ஷமீமாவும் என் அறைக்குள் வந்தார்கள். நஜீப் தோளில் ஹனா படுத்திருந்தாள்.

நான் நேற்று எழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன். நஜீப் குழந்தையைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னார். ரொட்டி, சோறு, மீன், கோழி. கடைசியில் "இதுக்கு நடுவுல?" என்று கேட்டேன்.

"நடுவுல ஒண்ணும் இல்ல மேடம். டீ மட்டும்தான்."

"எத்தனை கிளாஸ்?"

அவர் ஷமீமாவைப் பார்த்தார். "எண்ணுனதில்ல. அது தண்ணி மாதிரிதானே."

குழந்தையை ஷமீமா வாங்கிக்கொண்டதும் நாடாவை எடுத்தேன். இடுப்பு நன்றாகக் கூடியிருந்தது, சட்டைப் பொத்தானே சொன்னது. புஜம் என் மணிக்கட்டைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் இரண்டு முறை எழுந்தார், மூன்றாவது முறை தடுமாறினார்.

மறுநாள் மதியம் புவான் நோரிசா தன் கைப்பையில் ஒரு சின்னத் தராசைப் போட்டுக்கொண்டு, "வா, சாப்பிடப் போகலாம்" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். ஹாஜா கல்லாவில் இருந்தார். கனத்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, எல்லாரையும் "பொஸ்" என்று கூப்பிடும் குரல். நாங்கள் யாரென்று தெரிந்ததும் எழுந்து வந்து மேசையைத் தானே துடைத்தார்.

புவான் நோரிசா டீ போடும் இடத்துக்குப் போனார். நஜீபுக்குப் போடுகிற மாதிரியே ஒன்று போடச் சொன்னார். காலி கிளாஸைத் தராசில் வைத்தார். கெட்டிப்பால் ஊற்றியதும் போதும் என்று கைகாட்டி, மறுபடி தராசைப் பார்த்தார். என்னிடம் எண்ணைச் சொன்னார். நான் கணக்குப் போட்டேன். அந்தப் பால் மட்டும் நூற்று முப்பது கலோரி. டீ போடுகிறவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எட்டு இருக்கும்லா அக்கா. பாவம், அடுப்பு கிட்டயே நிக்கிறாரு."

ஆயிரத்துக்கு மேல். அதுவும் பெரும்பாலும் சர்க்கரை. ஈரலுக்கு அதைக் கொழுப்பாக்கி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோறு, ரொட்டி, மாவு டப்பா எல்லாம் சேர்ந்தால் நஜீபின் உடம்பு கேட்டதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் உள்ளே போயிருக்கிறது.

ஹாஜாவிடம் நான்தான் சொன்னேன். கல்லாவில் யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள், அவர் கவனிக்கவில்லை.

"அப்ப என் மருமவளுக்கு நானே கெடுதல் பண்ணிட்டேனா மேடம்?" என்றார். "மாப்ள ஒல்லியா இருக்கான், நம்ம கடையில இருந்துக்கிட்டு இப்படி இருக்கானேன்னு எனக்கு முன்னயே வெக்கம். அதான் அள்ளி அள்ளிக் குடுத்தேன்."

"நீங்க கெடுதல் பண்ணல. இனிமேயும் நீங்கதான் குடுக்கப் போறீங்க. நாங்க சொல்ற அளவுல குடுங்க, அவ்வளவுதான்."

"கொஞ்சமாத்தான் குடுக்கணுமா?"

"இப்ப கூட்டவே வேணாம்."

அவருக்கு அது புரியவில்லை. புவான் நோரிசா தன் அரைகுறைத் தமிழில், "பெலான் பெலான், ஹாஜா. மெதுவா, மெதுவா" என்றார். ஹாஜா தலையை ஆட்டினார். அன்று எங்களிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். புவான் நோரிசா ஊறுகாய்க் கிண்ணத்தின் அடியில் வைத்துவிட்டு வந்தார்.

முதலில் நாங்கள் செய்தது நிறுத்துவதைத்தான். கெட்டிப்பால் டீ, மாவு டப்பா, பொரித்தவை போயின. டீ வேண்டுமென்றால் பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல். மூன்று வேளைச் சோறும் மீனும் காய்கறியும் ஒரே அளவில். கடைச் சோற்றுக் கரண்டி ஒன்றை நானே தேர்ந்தெடுத்து அவருக்கென்று தனியாக வைத்தேன். இப்படிக் கொடுத்து எடை எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான், எதற்கு மேல் கூட்டுவது என்று தெரியும். எந்தச் சூத்திரமும் ஓர் ஊகம்தான், உடம்பு அதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். கூடவே எங்கள் ஃபிஸியோதெரபிஸ்ட் அவருக்கு எளிய பயிற்சிகள் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, பிறகு அரிசிப் பையைத் தூக்குவது. அந்த உழைப்பு இல்லாமல் கூடுதல் சாப்பாடு தசைக்குப் போகாது.

எடை இறங்கியது. ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பது. எனக்கு அது எதிர்பார்த்ததுதான். ஷமீமாவுக்கு அப்படியில்லை. தராசின் எண்ணைப் பார்த்ததும் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், டாக்டர் ஏத்தச் சொன்னாரு, நீங்க எறக்குறீங்க. எம் புள்ளைக்கு நாள் இல்ல மேடம். நீங்க கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கீங்க."

நஜீப், "ஷமீ, விடு" என்றார்.

"எப்படி விட? எனக்குச் சேந்திருந்தா நானே குடுத்திருப்பேன்ல? நான் இப்படிப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

எனக்கும் பயம்தான். அதை முகத்தில் காட்டக்கூடாது என்பதால் நாடாவை எடுத்து நஜீபின் இடுப்பை அளந்தேன். ஷமீமாவையே நாடாவின் எண்ணைப் படிக்கச் சொன்னேன். நன்றாகக் குறைந்திருந்தது. புஜம் குறையவில்லை. "எறங்குனது நமக்கு வேணாத எடை. வேணும்ங்கிறது போகல. அடுத்த வாரத்துல இருந்து கூட்டுறோம்" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன குடுக்கணும், சொல்லுங்க" என்றார்.

அந்த முந்நூறு இப்படித்தான் போனது. காலையில் ஒரு முட்டை கூடுதல், மதியம் அரைக் கரண்டிச் சோறு, சாயங்காலம் ஒரு கைப்பிடி அவித்த கடலை. ஷமீமா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான். வாரத்துக்குக் கால் கிலோ ஏறுனா எனக்குப் போதும்" என்றேன்.

முதல் வாரம் ஏறவில்லை. இரண்டாவது வாரமும் ஏறவில்லை. சாப்பாட்டை மறுபடி மறுபடி கேட்டேன். ஹாஜா அளவு தப்பாமல் கொடுத்துக்கொண்டிருந்தார், நஜீப் ஒரு பருக்கை விடாமல் தின்றுகொண்டிருந்தார். ஆப் இருந்திருந்தாலும் இதே எண்ணைத்தான் சொல்லியிருக்கும். அன்று புவான் நோரிசா என் அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் எழுந்திருக்கும் சமயத்தில் என்னிடம் மெதுவாக மலாயில் கேட்டார்.

"இவர் எப்போது உட்காருகிறார்?"

நிமிர்ந்து பார்த்தேன். அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் ஷமீமா. இன்னொன்று காலி. நஜீப் வந்ததிலிருந்து ஹனாவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி ஆடியபடி நின்றுகொண்டே பேசியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

"வீட்லயும் இப்படித்தான் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். அவளுக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு. படுக்க வச்சா சொறிஞ்சு ரத்தம் வர வச்சுக்குவா. தூக்கிக்கிட்டு நடந்தா தூங்குவா. உக்காந்தா தெரிஞ்சிடும் அவளுக்கு, அழுவா."

"எவ்வளவு நேரம் நடப்பீங்க?"

"விடியற வரைக்கும் ஆகும். பகல் முழுக்க ஷமீ தூக்குறா, ராத்திரி நான். அப்புறம் கோமுட்டர் ரயில் புடிச்சுக் கடைக்கு வந்துடுவேன்."

ஈரல் கெட்ட குழந்தைகளுக்கு அரிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த அரிப்பு தகப்பனின் கால்களில் எத்தனை கலோரியாகச் செலவாகிறது என்று யாரும் சூத்திரம் எழுதி வைக்கவில்லை. தூக்கமும் இல்லை. தூக்கமில்லாத உடம்பில் தசை எங்கே கட்டும்.

அன்றே இரண்டு காரியம் செய்தோம். நடைக்கு ஈடாக இன்னொரு இருநூறு கலோரி கூட்டினோம். அது முன்னே வைத்த முந்நூறை அவருக்குக் கிடைக்க வைப்பதற்காகத்தான். குழந்தை மருத்துவரிடம் சொல்லி அரிப்புக்கு மருந்தை மாற்றிக் கேட்டோம். ஆனால் யார் மாற்றித் தூக்குவது என்பதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை ஹாஜா பார்த்துக்கொண்டார். ஷமீமா போனில் விஷயத்தைச் சொன்ன அன்றே கடையை அடைத்துவிட்டுக் கிள்ளானுக்குப் போயிருக்கிறார். "மாப்ள, நீ படு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தன் பெரிய தோளில் போட்டுக்கொண்டாராம். பிறகு தினமும் போனார். ஷமீமா பின்னால் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார், "அண்ணனுக்கு ஆறு கிலோ எறங்கிடுச்சு மேடம். அவருக்கு யாரும் கணக்கே போடல."

அதன் பிறகு எண் அசைந்தது. கால் கிலோ. மறு வாரம் கால் கிலோ. ஒரு வாரம் ஒன்றுமில்லை, அடுத்ததில் அரைக் கிலோ. இடுப்பு நாடா அதே இடத்தில் நின்றது, புஜம் மட்டும் மெல்ல நகர்ந்தது. நஜீப் கையை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பத்தாவது முறைக்குப் பிறகு நானே போதும் என்றேன். நாலாவது மாதத்தில் ஐம்பத்திரண்டைத் தொட்டார். மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும் நாளில் எனக்கு வேறு நோயாளிகள் இருந்தார்கள். மதியம் கதவைத் தட்டிவிட்டு அறுவை மருத்துவரே உள்ளே வந்தார். நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அன்று நின்றார். "ஈரல் சுத்தமா இருக்கு. நான் செய்யப் போறேன். உங்க மேடம்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார்.

புவான் நோரிசாவிடம் போய்ச் சொன்னேன். அவர், "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் நகர்த்தினார். அந்தச் சோற்றுக்கு இருவரும் எந்தக் கணக்கும் போடவில்லை.

அறுவை நடந்த நாள் முழுவதும் ஹாஜா தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். இப்போது தோளில் குழந்தை இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் இருவரும் நலம் என்று செய்தி வந்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒருமுறை சொன்னார். பிறகு முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நஜீப் சீக்கிரமே எழுந்து நடந்தார். ஹனாவுக்குச் சில சிக்கல்கள் வந்தன, ஒரு முறை காய்ச்சலும் வந்தது, எல்லாம் தாண்டினாள். அவள் கண்ணின் வெள்ளை வெள்ளையாக மாறுவதை நாங்கள் வாரா வாரம் பார்த்தோம்.

வீட்டுக்குப் போய்ச் சில நாள் கழித்து ஷமீமா என் அறைக்கு போன் செய்தார். பின்னால் ஏதோ தட்டுகிற சத்தம். கரண்டியால் தட்டை அடிக்கிறாள் என்றார்.

"மேடம், காலையில இருந்து இவ பசிக்குதுன்னு சொல்றா. அந்த வார்த்தைய இவ வாயால நான் கேட்டதே இல்ல. இட்லி குடுத்தேன். தின்னுட்டா. மறுபடி பசிக்குதுங்கிறா. முட்டை குடுத்தேன். அதையும் தின்னுட்டு இப்பவும் கேக்குறா. குடுக்கலாமா?"

"குடுங்க. நல்லா வெந்ததா இருக்கணும், அவ்வளவுதான்."

"எவ்வளவு மேடம்?"

என் கை வழக்கம்போலக் கால்குலேட்டரைத் தேடிப் போனது. எடுத்து, ஓரமாக வைத்தேன்.

"அவ போதும்னு சொல்ற வரைக்கும் குடுங்க, ஷமீமா" என்றேன்.